நிமிர்ந்து உட்காருங்கள்

என் மனைவி எங்கள் வீட்டுக்கு எதிரே, தெருவின் மறுபக்கத்தில், பெண்களுக்கான முடிதிருத்தும் நிலையம் ஒன்றை நடத்துகிறாள். நான் குடிநீர் வாரியத்தில், பொதுமக்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் பணிபுரிகிறேன். குழாய் உடைந்தவர்களிடமும் தண்ணீர் வராதவர்களிடமும் வருத்தம் தெரிவிப்பதே என் தொழில் என்று சொன்னாலும் தவறில்லை. இந்த இரண்டு விவரங்களையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பிறகு நடந்ததெல்லாம் இவற்றிலிருந்து வந்ததுதான்.

அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. வால்வு ஒன்று சரியாக மூடாமல் இருந்தது, அதை மாற்றினார்கள். மார்பெலும்பை நடுவே பிளந்து, வேலை முடிந்ததும் கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பதாக மருத்துவர் என்னிடம் விளக்கினார். நான் "மிக்க நன்றி ஐயா" என்றேன்.  பின்பு தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் கண் திறந்தபோது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக 'நீ' என்று அழைத்துவந்தவளைப் பார்த்து, பயத்தில், "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

வாயில் குழாய் இருந்ததால் அப்போது அவளால் பதில் சொல்ல முடியவில்லை. குழாயை எடுத்த பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் இது:

"நான் என்ன, உங்க ஆபீசுக்குப் புகார் கொடுக்க வந்த ஆளா? எப்படி இருக்கீங்களாம்!"

பக்கத்தில் நின்ற செவிலியர் சிரித்துவிட்டார். அவளும் சிரிக்கப் போனாள். வலியில் முகம் சுருங்கியது. செவிலியர் சட்டென்று ஒரு சிறு தலையணையை அவள் மார்போடு வைத்து அணைக்கச் சொன்னார். இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் அதைக் கட்டிக்கொண்டால் எலும்பு அசையாது, வலி குறையும் என்றார். நீலக் கட்டம் போட்ட அந்தத் தலையணை எங்களோடு வீட்டுக்கு வந்தது. "மூணுல சிரிப்புதான் ரொம்ப மோசம்" என்று அவள் சொன்னதால், எங்கள் வீட்டில் நகைச்சுவைக்குத் தடை விதிக்கப்பட்டது.

தடை விதித்தவர் அவளுடைய அக்கா. மாணவியர் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே வீட்டைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். என் மனைவி தேநீர்க் கோப்பையை நோக்கிக் கையை நீட்டினால், கை எட்டும் முன்பே அக்கா அதை அவள் உதட்டில் வைத்துவிடுவார். கதவைத் தள்ளக் கூடாது, நாற்காலியில் கைகளை ஊன்றி எழக் கூடாது, கெட்டிலைத் தூக்கக் கூடாது. எல்லாம் மருத்துவர் சொன்னவைதான். ஆனால் மருத்துவர் சொன்னபோது அவை அறிவுரைகளாக இருந்தன. அக்கா சொல்லும்போது விடுதி விதிகளாயின.

அந்த விதிகளில் ஒன்றுதான் அவளை உண்மையில் வருத்தியது. முழங்கை தோளுக்கு மேல் போகக் கூடாது.

முடி திருத்துகிறவரின் வேலையைக் கவனித்துப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுவதும் கைகள் தோளுக்கு மேலேதான் இருக்கும். அதைவிட உடனடியான சிக்கல் வேறொன்று இருந்தது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் அடர்ந்த கூந்தல். அதை அவளே வாரிப் பின்ன முடியாது. அக்காவுக்கோ விரல் மூட்டுகளில் வாதம்.

"கழுத்தோட வெட்டிவிட்டுடலாம்டி. வேலை மிச்சம்" என்றார் அக்கா.

"என் தலையில கத்தரி வைக்கிற தைரியம் இந்த ஊர்ல எவளுக்கு இருக்கு? கூட்டிட்டு வா, பாக்கறேன்."

எனவே அந்தப் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. நான் அதுவரை பின்னிய பொருள் எதுவும் இல்லை. கண்ணாடி முன்னால் அவளை உட்காரவைத்து, கூந்தலை மூன்றாகப் பிரித்து, என் அறிவுக்கு எட்டியவரை முயன்றேன். அவள் தலையைத் திருப்பாமல் கைக்கண்ணாடியால் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"இது என்னங்க, நடுவுல வீங்கியிருக்கு?"

"எது?"

"உங்க வாரியத்துப் பைப்பு மாதிரி இருக்கு. எப்ப வேணும்னாலும் உடையும்."

"வருந்துகிறேன்."

"வருந்தாதீங்க. இழுத்துப் பிடிங்க. எனக்கு ஆபரேஷன் நெஞ்சுலதான், தலையில இல்ல."

அக்கா அடுக்களையிலிருந்து, "சிரிக்க வைக்காதீங்க தம்பி அவளை!" என்று குரல் கொடுத்தார். நான் ஒன்றுமே செய்யவில்லை.

நாளடைவில் என் கை பழகியது. ஒவ்வொரு பிரிவையும் எவ்வளவு இறுக்க வேண்டும், ஈரத்தில் சீப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதெல்லாம் புரிந்தது. உண்மையைச் சொல்வதானால், அலுவலகம் கிளம்புவதற்கு முன்பு அந்தக் கூந்தலோடு கழிந்த நேரம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அவள் அதைக் கண்டுகொண்டாள் என்றே நினைக்கிறேன். ஒருநாள், "நல்லாத்தான் பின்றீங்க. அதுக்காக இதையே வேலையா வெச்சுக்கலாம்னு நினைக்காதீங்க" என்றாள்.

எங்கள் சன்னலிலிருந்து பார்த்தால் அவளுடைய கடை தெரியும். ஒரே ஒரு நாற்காலி, ஒரே ஒரு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. இப்போது ஷட்டர் மூடியிருந்தது. பக்கத்தில் அழகுசாதனக் கடை வைத்திருப்பவர் ஒருநாள் பழங்களோடு நலம் விசாரிக்க வந்தார். கிளம்பும்போது, கடையைத் தனக்கு விட்டுக்கொடுக்க எண்ணமிருந்தால் சொல்லுமாறு தயங்கித் தயங்கிக் கேட்டார். நல்ல பெண்மணிதான், கேட்டதில் தவறில்லை.

"கொடுத்துடு" என்றார் அக்கா, அவர் போனதும். "அது கையத் தூக்கியே நிக்கிற வேலை. உனக்கு இனி ஆகாது. நான் பாத்துப் பேசி முடிக்கறேன்."

என் மனைவி சன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, ஒண்ணு சொல்றேன். எப்ப என் தலைய நானே பின்னிக்கறேனோ, அப்ப அந்தக் கடையத் திறப்பேன். டாக்டர் கையத் தூக்கலாம்னு சொன்னப்புறமும் என்னால முடியலேன்னா, சாவிய நானே கொண்டு போய் அவங்க கையில கொடுக்கறேன். அதுவரைக்கும் அதைப் பத்திப் பேசாதே."

 அக்கா விட்டுவிடவில்லை என்பது அவர் பாத்திரங்களை வைத்த ஓசையில் தெரிந்தது.

அவளுடைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நலம் விசாரிக்க வந்தார்கள். முதலில் வந்த பல் மருத்துவர் அம்மா, புழுக்கமான அந்த மாலையில் தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்.

"என்ன டாக்டர், குளிருதா?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஆமா, கொஞ்சம் காத்து…"

"ஃபேனை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்று அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவர் தொப்பி அணிந்திருந்தார். இன்னொருவர் இருசக்கர வாகனத்தில் வந்தவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே அமர்ந்து, அதன் முன்கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டுத் தேநீர் அருந்தினார். நான் ஏதோ அவசரம் போலும் என்று எண்ணினேன். அவர் போனதும் என் மனைவி தலையணையை அணைத்துக்கொண்டு மெல்லக் குலுங்கினாள். சிரிக்கிறாள் என்று நினைத்து அக்கா ஓடிவந்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் வேற எங்கயோ போய் வெட்டிட்டு வந்திருக்காங்க. டாக்டரம்மா காதுக்குப் பின்னாடி பாத்தீங்களா? எலி கடிச்ச மாதிரி இருக்கு. போகட்டும், முடி வளந்தா வெட்டித்தானே ஆகணும். ஏன் மறைக்கணும்? திரும்பி வருவேன்னு நம்பிக்கை இருந்தா, 'நீ இல்லாம எவளோ என் தலையக் கெடுத்துட்டா'ன்னு எங்கிட்டயே வந்து திட்டியிருப்பாங்க."

 என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன்: நான் முடி வெட்டிக்கொள்ளவில்லை. திருமணமானதிலிருந்து என் தலையில் கை வைத்தவள் அவள் ஒருத்திதான். கடை மூடிய பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெட்டிவிடுவாள். இப்போது என் முடி காதை மூடி, சட்டைக் காலரைத் தாண்டி இறங்கியது. பிரிவுத் தலைவர் என்னை வேறு யாரோ என்று நினைத்து ஒருமுறை, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். அக்கா, "தம்பி, உங்களையும் அவளையும் சேத்துப் பாத்தா நோயாளி யாருன்னே தெரியல" என்றார்.

வாரம் இருமுறை உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்தார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல ஏற வேண்டும். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். முதலில் அவள் விரல்கள் மின்விளக்கின் ஸ்விட்ச்வரை போயின. சில வாரங்களில் நாள்காட்டி ஆணியை எட்டின. எங்கள் கூடத்துச் சுவரில் விரல் தடங்கள் சாம்பல் நிறத்தில் ஒரு பாதைபோல் மேலேறின. அதைத் துடைக்கப் போன அக்காவை நான் தடுத்தேன். என் வாழ்நாளில் அக்காவை நான் தடுத்தது அதுதான் முதல்முறை.

இறுதியில் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, கைகளைத் தாராளமாகத் தூக்கலாம், களைத்தால் உட்கார வேண்டும் என்றார். நான் இம்முறையும் "மிக்க நன்றி ஐயா" என்றேன். 

இரண்டு நாள் கழித்துக் காலையில் சீப்போடு அறைக்குள் போனேன். அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. தோளில் ஒரு பின்னல் கிடந்தது. வகிடு வளைந்திருந்தது, பின்னல் ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கியது.

"கோணலா இருக்குல்ல?" என்றாள்.

"கொஞ்சம்."

"இருக்கட்டும். என் கோணல்."

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. கையிலிருந்த சீப்பை என்ன செய்வதென்றுதான் விளங்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போய்விட்டேன்.

அக்கா அத்தனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னார்:

"உன் தலைய உக்காந்து பின்னிக்கறது வேற. அடுத்தவங்க தலைய நின்னு வெட்டறது வேற. சாயங்காலம் பக்கத்துக் கடையம்மா சாவி விஷயமா வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள எனக்கு ஒரு தலைய முழுசா வெட்டிக் காட்டு. கை நடுங்காம இருந்தா நான் பெட்டியக் கட்டறேன். இல்லேன்னா பேச்சு இல்ல."

"யார் தலைய?"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"இதோ இருக்கே, ஒரு காடு" என்றாள் என் மனைவி.

ஷட்டரை நான் தூக்கினேன். உள்ளே அடைபட்டுக் கிடந்த ஷாம்பூ வாசனை வெளியே வந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்தாள், கத்தரியை விரலில் மாட்டி இரண்டுமுறை காற்றை வெட்டிப் பார்த்தாள். அக்கா, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, தேர்வு மேற்பார்வையாளரைப்போல் பெஞ்சில் அமர்ந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, கால்மிதியை அழுத்தி நாற்காலியை உயர்த்திவிட்டு, என் மனைவி வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல் கேட்டாள்:

"சொல்லுங்க சார். எப்படி வெட்டணும்?"

"உங்கள் விருப்பம்" என்றேன். எனக்கும் அப்படித்தான் வந்தது.

அவள் வெட்டத் தொடங்கினாள். நான் கண்ணாடியில் என் தலையைப் பார்க்கவில்லை. அவள் கைகளைத்தான் பார்த்தேன். முழங்கை உயர்ந்தது. தோளைத் தாண்டியது. அவள் சட்டைக் கழுத்துக்கு மேலே தெரிந்த தழும்பின் நுனி லேசாக இழுபட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி விடுவதுபோல் விட்டாள். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் தலை சற்றுத் தாழ்வாக இருந்தால் அவள் கையை அவ்வளவு தூக்க வேண்டியிருக்காதே. அதனால் நாற்காலியில் கொஞ்சம் சரிந்தேன்.

அவள் முழங்கை இறங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சரிந்தேன். அவளுடைய வலது கைக்கு வசதியாக இடப்புறம் சாய்ந்தேன். தலையைக் குனிந்தேன். அவளோ கத்தரியிலும் மூச்சிலும் முழுக் கவனத்தை வைத்திருந்தாள். நான் சரியச் சரிய அவள் கத்தரியும் பின்தொடர்ந்து இறங்கிவந்தது. கடைசியில் நான் துணிக்குள் புதைந்து, முகவாய் மார்பில் படும்படி கிடந்திருக்க வேண்டும்.

"அவ்ளோதான்" என்றாள், மூச்சு வாங்க. குரலில் அத்தனை மகிழ்ச்சி. "எழுந்திருங்க. அக்கா, வந்து பாரு!"

நான் எழுந்து நேராக நின்றேன். அக்கா என் பின்னால் வந்தார்.  பிறகு மெல்லச் சொன்னார்:

"என்னடி இது? மாடிப்படி மாதிரி ஏறிட்டுப் போகுது?"

என் மனைவி பார்த்தாள். வலது காதுக்குக் கீழே தொடங்கிய கோடு, பிடரியைக் கடந்து, இடது காதின் மேல்நுனிவரை ஏறியிருந்தது. ஒருபக்கம் தோல் தெரிந்தது. மறுபக்கம் காடு அப்படியே நின்றது.

"கை நடுங்கியிருக்கு" என்றார் அக்கா. அவர் குரலில் வெற்றி இல்லை; அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. "விடுடி. நான் அந்தம்மாகிட்டப் பேசிக்கறேன்."

என் மனைவி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கத்தரியை மேசைமேல் வைத்தாள். சாவி இருந்த இழுப்பறையைத் திறந்தாள்.

எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. ஆயினும் பேச வேண்டியதாயிற்று. கழுத்தில் கட்டிய துணியோடு, உடம்பெல்லாம் முடியோடு, நான் வாய் திறந்தேன். என்ன செய்வது, அலுவலக நடைதான் வந்தது.

"இந்தக் கோளாறுக்கு அவங்க எந்த விதத்திலும் பொறுப்பில்லை. முழுப் பொறுப்பும் என்னைச் சேர்ந்தது. சேவை நடந்துகொண்டிருந்தபோது நான்… சரிந்துவிட்டேன்."

"சரிஞ்சீங்களா? மயக்கமா தம்பி?" என்றார் அக்கா.

"இல்லை. வேண்டும் என்றே. அவ கை வலிக்குமேன்னு தலையைக் கீழே கொண்டுபோனேன். இடப்பக்கமும் சாய்ஞ்சேன். அவ கை நடுங்கவே இல்லை அக்கா. தலைதான் நகர்ந்தது."

 இழுப்பறை திறந்தபடியே இருந்தது.

"சரிஞ்சீங்களா!" என்றாள் என் மனைவி.

அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். அறுவை சிகிச்சைக்கும் ஓராண்டு முன்பிருந்தே மூச்சு போதாமல் தேய்ந்துவந்த குரல் அது. இப்போது தெருவில் போனவர்கள் இரண்டுபேர் நின்று பார்த்தார்கள்.

"யாருங்க கேட்டா உங்கள? நான் கேட்டேனா? இத்தன நாளா சுவத்துல பல்லி மாதிரி ஏறினது எதுக்கு? நீங்க நாற்காலியில தவழறதுக்கா? உங்க ஆபீஸ்ல அப்படித்தான் செய்வீங்களா, தண்ணி மேல ஏறலேன்னா வீட்டக் கீழ இறக்குங்கன்னு?"

"வருந்து…"

"வருந்துனீங்க, கத்தரி பேசும்!"

நான் கைகளைக் கூப்பினேன். துணிக்கு உள்ளே கூப்பியதால் வயிற்றுப் பக்கம் ஏதோ விலங்கு அசைவதுபோல் இருந்திருக்கும். அவள் அதைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அக்கா தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"புடிடி! புடி! எலும்பு…"

"வேணாம்க்கா" என்றாள் அவள், சிரிப்புக்கு நடுவே. பிறகு சட்டென்று நிறுத்தி, மார்பில் கையை வைத்துப் பார்த்தாள். "அக்கா. வலிக்கலே."

அக்கா தலையணையோடு அப்படியே நின்றார். விடுதியையே நடுங்கவைத்த அந்த முகம் எப்படியெல்லாமோ கோணியது. பெஞ்சுக்குத் திரும்பிப் போய், தலையணையைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொண்டார்.

"உக்காருங்க" என்றாள் என் மனைவி என்னிடம். "நிமிர்ந்து உக்காருங்க. இந்தத் தடவ தலை ஒரு நூல் அசைஞ்சா, காது இருக்காது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் நாற்காலியை வழக்கத்தைவிட ஒரு மிதி அதிகமாக உயர்த்தினாள், வேண்டுமென்றேதான். அவள் முழங்கைகள் தோளைக் கடந்து, என் தலைக்கு மேலே போயின. பார்க்காமல் இருப்பது எளிதாக இருந்திருக்கும். ஆனாலும் பார்த்தேன். நடுவில் ஒருமுறை அவள் களைத்தாள். தானாகவே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் குடித்தாள். யாரும் எழுந்து ஓடவில்லை. மீண்டும் நின்று வெட்டினாள்.

வெட்டிக்கொண்டிருக்கும்போதே அழகுசாதனக் கடைக்காரர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரும் தலையில் துணி சுற்றியிருந்தார். திறந்திருந்த கடையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நான்… சாவி விஷயமா…" என்று இழுத்தார்.

என் மனைவி வாயில் கடித்திருந்த சீப்பை எடுத்தாள்.

"முதல்ல அந்தத் துணியக் கழட்டுங்க. யார் கைவேலைன்னு பாக்கறேன். அடுத்து நீங்கதான்."

அவர் துணியை அவிழ்த்தார். அக்கா எட்டிப் பார்த்து, "அடப்பாவமே!" என்றார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம்விட்டார்.

கோணலைச் சரிசெய்யக் கோணல் இருந்த உயரத்துக்கே எல்லாவற்றையும் வெட்ட வேண்டியிருந்ததால், என் தலையில் கடைசியில் மிகக் குறைவாகவே மிஞ்சியது. மறுநாள் காலையில் அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அலுவலகம் கிளம்பினேன். பிடரியில் காற்று பட்டது.

"தொப்பி போட்டுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"போட்டுப் பாருங்க" என்றாள், தன் பின்னலை முடிந்தபடி. அது இன்னமும் சற்றுச் சாய்ந்துதான் இருந்தது.

பிரிவுத் தலைவர் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன சார் இது! எங்க வெட்டினீங்க?"

வழக்கமாக நான் தாழ்ந்த குரலில்தான் பேசுவேன். அன்று கடைசி மேசையில் இருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரம்மா கடையில. நேத்துத் திறந்துட்டாங்க."